தானத் துணியும் கடைசித் தையலும்

பாதியில் நின்றுபோன ஒட்டுப்போர்வையைக் கொடையாக வாங்கி, வீட்டில் வைத்துத் தைத்து முடித்து, தேவைப்பட்டவருக்குக் கொடையாகவே அனுப்பிவைப்பது இன்று உலகின் பல ஊர்களில் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்துவரும் வேலை. குயில்ட் என்று வழங்கும் இந்தப் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுத்தையல் போட்டு, நாலு ஓரமும் பட்டி அடித்த பிறகுதான் அது போர்வை. தைப்பவரின் ஆசையெல்லாம் முகத்துணியில் இருக்கும். நிறம் தேர்வதும் துண்டு பொருத்துவதும் அங்கேதான். பஞ்சு வைத்துத் தைப்பதில் கை வலிக்கும், நாள் இழுக்கும். அதனால் முகத்துணிகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன. தைத்தவருக்குக் கண் மங்குகிறது, அல்லது அவர் காலமாகிவிடுகிறார். தூக்கியெறிய மனம் வராத பிள்ளைகள் அதை யாரிடமாவது கொடுக்கிறார்கள். வாங்கி முடிப்பவருக்குப் போர்வையைத் தொடங்கியவரைத் தெரியாது. அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவரையும் தெரியாது.

புதுச்சேரி நகரின் தெற்கு ஓரத்தில், சுப்பையா சாலையாகிவிட்ட பழைய தெற்கு புல்வாரைத் தாண்டிக் கிடக்கும் உப்பளத்தில் இப்படியொரு போர்வைக்குப் பரம்பரை கிடையாது. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம் அது. கரையோரம் வம்பாகீரப்பாளையத்து மீனவர் குடியிருப்பு, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம். தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு கோரைப்பாய், போர்த்திக்கொள்ள ஒரு பழைய சேலை, இவ்வளவில் குளிரைக் கழித்துவிடலாம். ஆனாலும் அந்தப் போர்வைக்கு வேண்டிய மூன்று சங்கதிகளான துணி, ஊசிவேலை, கொடை ஆகியவை புதுச்சேரியில் முந்நூறு ஆண்டுகளாகத் தனித்தனியே இருந்து வந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று நெருங்கிய கதையே இந்த ஊரைப் பொறுத்தவரை ஒட்டுப்போர்வையின் வரலாறு.

கொடையாக வந்த துணியைப் பலர் கூடித் தைத்து முடிப்பது கீழைநாட்டில் மிகப் பழைய வழக்கம். மழைக்கால மூன்று மாதத் தங்கல் முடிந்ததும் பௌத்தத் துறவிகளுக்கு இல்லறத்தார் துணி கொடுப்பார்கள். சங்கம் அதைக் கந்தலான சீவரம் உடுத்திய ஒரு துறவிக்கென்று ஒதுக்கும். பிறகு எல்லாரும் சேர்ந்து துவைத்து, வெட்டி, தைத்து, சாயம் தோய்த்து, மறுநாள் விடியுமுன் சீவரத்தை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கொடை செல்லாது. துணியை இழுத்துக் கட்டித் தைப்பதற்கு ஒரு மரச்சட்டம் உண்டு. சடங்குக்கும் அந்தச் சட்டத்தின் பெயரே நிலைத்து, கடினச் சடங்கு ஆயிற்று. துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதற்கும் முறை இருந்தது. மகத நாட்டு வயல்களில் வரப்பு ஓடும் ஒழுங்கைக் காட்டி, அதுபோல் சீவரத்தை அமைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் பௌத்தம் நூற்றாண்டுகள் வாழ்ந்தது; நாகப்பட்டினத்தில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. தமிழ்க் கடற்கரையிலிருந்து பௌத்தம் மறைந்துவிட்டாலும் இலங்கை விகாரைகளில் ஆண்டுதோறும் கடினச் சடங்கு நடக்கிறது. துணியைக் கொடுத்ததோடு கொடை முடிவதில்லை, அது உடுக்கத் தக்கதாகும்போதுதான் முடிகிறது என்பதை இவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன விதி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

தமிழ் வீடுகளில் பழைய துணிக்கு இருந்த மதிப்பு இரண்டு விதமானது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டார்கள். பல முறை வெளுத்து மெத்தென்று ஆன வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தாயின் சேலையே தூளியாகும். ஆனால் வளர்ந்தவர் உடம்பில் ஒட்டுப்போட்ட துணி வறுமையின் அடையாளம், அடுத்தவர் உடுத்தியதை உடுத்துவது தாழ்வு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுப்பது கோடித்துணியாகவே இருக்க வேண்டும். கோயிலில் மட்டும் ஒட்டுத்துணி பெருமைக்குரியதாக இருந்தது. தேரை அலங்கரிக்கும் சீலைகளும் உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவை. தஞ்சைப் பகுதியில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. ஒட்டுத்துணி தேரில் ஏறியது, கட்டிலுக்கு வரவில்லை. வங்காளத்தின் காந்தா, பிகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, வட கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தி எல்லாம் பழைய துணியை அடுக்கித் தைத்த விரிப்புகள். அதற்கு ஈடாகச் சொல்லும்படி ஒரு தனி மரபு தமிழ்நாட்டில் வேர்விடாததற்குத் தட்பவெப்பத்தோடு இந்த மனத்தடையும் காரணமாக இருக்க வேண்டும்.

துணிக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியைப் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிக்காத்ததே துணிக்காகத்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் நெசவுக்காரருக்குக் கொடுத்த முன்பணமும் கப்பலேறக் காத்திருக்கும் துணியும் அடிக்கடி வரும். அந்தத் துணிகளுள் பேர்பெற்றது, கையால் எழுதிச் சாயமேற்றிய சீட்டி. அதைச் செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளப் பிரான்ஸில் ஆவல் மிகுந்திருந்தது. 1734 வாக்கில் பொலியே என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சீட்டி எழுதப்படுவதைக் கூடவே இருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிவைத்துக் குறிப்பும் எழுதினார். அந்தத் துண்டுகளும் கையெழுத்துப் பிரதியும் பாரிஸில் இருக்கின்றன. அடுத்த பத்தாண்டில் சேசு சபைப் பாதிரியார் கேர்தூ, 1742லும் 1747லும் எழுதிய கடிதங்களில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது முதல் மெழுகிட்டு நீலம் தோய்ப்பது வரை விவரித்தார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் எடுத்துக்காட்டியவரும் அவரே. 1779இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

சீட்டியில் பெரிய விரிப்புகளுக்குப் பலம்போர் என்று பெயர். நடுவில் ஒரு மரம், கிளையெங்கும் பூ, ஓரத்தில் கொடி. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமேறிய பலம்போர்கள் பல ஐரோப்பா போய்ச் சேர்ந்தபின், அங்கே பஞ்சு வைத்து அடித்துணி கொடுத்துத் தைக்கப்பட்டன. தொடங்கியவர் ஒரு கரையில், முடித்தவர் இன்னொரு கரையில். இந்தத் துணிமேல் இருந்த மோகத்தைக் கண்டு உள்நாட்டு நெசவைக் காக்கப் பிரான்ஸ் 1686இல் அதைத் தடைசெய்தது. தடை நீங்க 1759 ஆயிற்று. கிடைப்பது அரிதானபோது கத்தரித்து மிஞ்சிய துண்டுக்கும் மதிப்பு வந்தது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையின் படுக்கைத் தொகுதி. 1708ஆம் ஆண்டையது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அது முழுக்க இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. ஒட்டுப்போர்வை மேற்கிலிருந்து இந்தியாவுக்கு வந்த பொழுதுபோக்கு என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் போர்வையின் மிகப் பழைய துண்டுகளில் பல இந்தியாவிலிருந்து போனவை என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடையும் ஊசிவேலையும் புதுச்சேரியில் ஒரே கூரையின் கீழ் வந்தது 1827க்குப் பிறகு. அந்த ஆண்டு புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர் இங்கே வந்து இறங்கினார்கள். சபையை நிறுவிய அன்னை ஆன்-மரி ழவூஏ, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வளர்ந்த கிராமத்துப் பெண். 1807இல் தொடங்கிய சபை 1819லேயே ஆப்பிரிக்காவில் செனகலுக்குப் போய்விட்டது. மூன்றாண்டு கழித்து அவரும் அங்கே சென்றார். புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரி தோய்த்த கினே என்ற நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் பிசினுக்கு விலையாக, காசு போலவே புழங்கிய காலம் அது. ஆக, புதுச்சேரிக்குக் கன்னியர் வருமுன்பே புதுச்சேரித் துணி அவர்கள் பணிசெய்த ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தது.

ஏழைப் பெண்களுக்கு ஊசிவேலை கற்றுக்கொடுத்து, அவர்கள் தைத்ததை விற்று அவர்களுக்கே வாழ்வு தேடித் தரும் தையற்கூடம் அக்காலப் பிரான்ஸில் கன்னியர் மடங்களோடு ஒட்டிப்பிறந்த ஒன்று. வசதியுள்ள பெண்கள் கூடி ஏழைகளுக்குத் துணி தைக்கும் இடமும் அதே பெயரால் வழங்கியது. தைத்துப் பிழைப்பவரும் தைத்துக் கொடுப்பவரும் ஒரே ஊசியைப் பிடித்த அந்த ஏற்பாடு புதுச்சேரிக்கும் வந்தது. ரொமேன் ரோலான் வீதியில் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மாளிகை ஒன்றில் இயங்கும் குளூனி எம்பிராய்டரி கூடம் அந்த வழியில் வந்தது. ஆதரவற்ற பெண்களும் வருமானம் தேவைப்படும் பெண்களும் அங்கே மேசைவிரிப்பு, கைக்குட்டை, படுக்கைவிரிப்பு ஆகியவற்றில் பூவேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட கூடங்களில் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். வரைபடத்தை மெல்லிய வெண்ணெய்த்தாளில் எழுதி, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுகிறார்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் துளை வழியே புள்ளி புள்ளியாகப் படம் இறங்கிவிடும். பூவேலையை ஒருத்தி தொடங்குவாள். அவளுக்குப் பேறுகாலம் வந்தாலோ உடம்பு சுகமில்லாமல் போனாலோ அதே துணியை இன்னொருத்தி எடுத்துத் தொடர்வாள். இழுப்பு கூடினால் துணி சுருங்கும், தளர்ந்தால் நூல் தொங்கும். ஆகவே முன்னவள் கையின் இழுப்பைத் துணியின் பின்பக்கம் பார்த்துத் தெரிந்துகொண்டு, தன் கையை அதற்கு ஏற்பப் பழக்கிக்கொண்டுதான் அவள் ஊசியை எடுக்க வேண்டும். அடுத்தவர் விட்ட இடத்தில் தொடங்கும் இந்தத் திறமை தனியாகப் பாராட்டப்படுவதே இல்லை. தன் துணியில் தானே தொடங்கித் தானே முடிப்பதைவிட அது கடினமானது.

புதுச்சேரிக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல இது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821 வாக்கில் பெண்களுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல் பாதிரியாரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் அங்கே போயிற்று. முளகுமூட்டில் 1897இல் வந்து பணி தொடங்கிய பெல்ஜியக் கன்னியர் மரி லூயிஸ் டி மேஸ்தரின் மடமும் லேஸுக்குப் பேர்போனது. புதுச்சேரியிலேயே தமிழ்ப் பெண்களுக்கென்று மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை 1844இல் துய்புய் பாதிரியார் நிறுவினார். பெண்பிள்ளைகள் எழுத்தும் தையலும் கற்கும் பள்ளிகள் இத்தகைய சபைகளால் ஊரூராகப் பெருகின. 'தையல் டீச்சர்' என்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் பின்னாளில் அழைத்தவரின் பாடத்தில் இந்த மடங்களின் சுவடு தெரியும். மாதிரித்துணியில் ஓட்டுத்தையல், பின்தையல், சங்கிலித்தையல் என்று ஒவ்வொன்றையும் தைத்து நோட்டில் ஒட்டிக் கொடுத்த பெண்கள் இன்றும் எத்தனையோ பேர்.

போர்வையைக் கொடைக்கென்றே தைப்பது பெரிய அளவில் நடந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1861இல் அமைந்த சுகாதார ஆணையம், காயமடைந்த படைவீரருக்குப் போர்வை கேட்டு வீடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. மருத்துவமனைக் கட்டில் குறுகலானது. ஆகவே நான்கடி அகலம், ஏழடி நீளம் என்று அளவும் சொன்னது. வீட்டுக் கட்டிலுக்குத் தைத்த பெரிய போர்வை இரண்டைப் பிரித்து வெட்டி, சிறியவை மூன்றாக மாற்றிக் கொடுத்த பெண்களும் உண்டு. அந்தப் போர்வைகளில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. மற்றவை படைவீரர் உடம்போடு தேய்ந்தும் புதைந்தும் போயின. முதல் உலகப் போரின்போது, துணியில் கையெழுத்து வாங்கி ஒவ்வொரு பெயருக்கும் காசு பெற்றுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி சேர்க்கும் முறையை 1917 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பெண்கள் இதழ் பரப்பியது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் செஞ்சிலுவைப் பெண்கள் லட்சக்கணக்கில் போர்வை தைத்து, குண்டுவீச்சில் வீடிழந்த ஆங்கிலேயருக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 1995இல் டென்வரில் தொடங்கிய புராஜெக்ட் லைனஸ் இதையே நோயுற்ற குழந்தைகளுக்கு என்று திருப்பியது. பாதியில் நின்ற முகத்துணிகளைச் சேகரித்து முடிப்பவர்களிடம் பங்கிட்டுத் தரும் வழக்கம் இத்தகைய குழுக்களின் வளர்ச்சியோடு பெருகியது.

இந்தக் காலம் முழுக்க உப்பளத்துக்கு அருகே பஞ்சும் நூலும் மலையாகக் குவிந்து கிடந்தன. நகரின் தெற்கு, தென்மேற்கு ஓரங்களில் சவானா, கெப்ளே, ரோடியர் என்று மூன்று பஞ்சாலைகள் ஓடின. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்துப் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானதும் எல்லாரும் அறிந்த வரலாறு. ஆலைத்துணி மலிந்ததும் படுக்கைவிரிப்பு கடையில் வாங்கும் பொருளாயிற்று. கழிவுப்பஞ்சு மெத்தைக்குப் போயிற்று. தைப்பதற்கு என்று வீட்டில் மிஞ்சியவை தலையணை உறை, பிள்ளைகளின் பாவாடை, கிழிசல். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் ரோடியர் ஆலையை முடக்கிப்போட்டது. 2020இல் ஆலை முறைப்படி மூடப்பட்டது.

கொடைத்துணியின் வரலாற்றில் தமிழ்க் கடற்கரைக்கு மறக்க முடியாத பாடம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிடைத்தது. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் காரைக்கால்தான் ஆழிப்பேரலையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது, தமிழ்நாட்டில் நாகப்பட்டினம். நாடெங்குமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. பொத்தான் அறுந்த சட்டை, கம்பளிச் சட்டை, கால்சட்டை என்று எது கிடைத்ததோ அது. சேலையும் கைலியும் உடுத்தும் கடற்கரைப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதில் பெரும்பகுதி பயன்படவில்லை. அடுத்தவர் கழித்துப்போட்டதை உடுத்தும் அவமானம் வேறு. உழைத்து நிமிர்ந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். துணிகள் சாலையோரங்களில் நனைந்து மக்கிக் கிடந்த காட்சியை அந்த மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர் மறக்க மாட்டார். அனுப்பியவரின் மனம் நல்ல மனம்தான். துணியைத் தரம் பிரித்து, துவைத்து, வெட்டித் தைத்து, வாங்குபவருக்கு ஏற்றதாக மாற்றும் கை நடுவில் இல்லாமல் போயிற்று.

அந்தக் கையாக வந்தது கூஞ்ச் அமைப்பு. அன்ஷு குப்தா 1999இல் டில்லியில் தம் வீட்டிலிருந்த 67 துணிகளோடு தொடங்கியது அது. தமிழ்நாட்டில் தேங்கிக் கிடந்த லட்சக்கணக்கான துணிகளை அரசின் துணையோடு தரம் பிரித்து, பயன்படும்படி மாற்றும் பெருவேலையை ஏற்றது. உடுக்க ஆகாத துணியைக் கிழித்து அடுக்கி, பெண்களைக் கொண்டு சுஜனி விரிப்பாகத் தைப்பது கூஞ்சின் வழக்கமான வேலைகளில் ஒன்று. கிழிசலும் கறையும் உள்ளே போகின்றன, நல்ல துணி முகத்தில் நிற்கிறது. வாங்குபவர் கையில் சேர்வது அடுத்தவரின் பழைய சட்டையாக இராது. புதிதாகத் தைத்த ஒரு விரிப்பு. தமிழ் மனத்தின் பழைய தடையைத் தையல் கடந்துபோகும் வழி இது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நடந்தது இன்னும் சிறிய அளவிலானது, ஆனால் இன்னும் ஆழமானது. ஆரோவில்லில் உமா பிரஜாபதி 1997இல் தொடங்கிய உபாசனா ஆடை வடிவமைப்புக் கூடம், பேரலைக்குப் பின் மீனவப் பெண்கள் கடலைப் பார்க்கவே அஞ்சி உட்கார்ந்திருந்ததைக் கண்டது. ஆயத்த ஆடை வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் ஊசிநூலையும் அவர்களிடம் கொடுத்து, விரலளவுப் பொம்மை ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுத்தது. 2005இல் பிறந்த அந்தப் பொம்மைதான் சுனாமிகா. நானூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதைச் செய்யப் பழகினார்கள். பொம்மை விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பாக மட்டுமே கைமாறும். விரும்பியவர் தரும் நன்கொடையிலிருந்து செய்தவருக்குக் கூலி போகும். உலகின் பல நாடுகளுக்குச் சென்ற சுனாமிகாவைப் பற்றிய சிறுவர் நூல் பல மொழிகளில் வந்தது. நிவாரணம் வாங்கும் வரிசையில் நின்ற பெண்கள் இங்கே கொடுப்பவர்களாக மாறினார்கள். அதுவரை நடந்த எந்தத் துணி விநியோகமும் இதைச் செய்திருக்கவில்லை.

பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் தமிழ்நாட்டில் குழுக்களாகத் திரண்டது இதற்கடுத்த பத்தாண்டில். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் ஒருங்கிணைத்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஊரூராக, நாடு நாடாக வீட்டுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னி அனுப்பிய சதுரங்களைச் சேர்த்தது அது. சாதனை பதிவானதும் போர்வையைப் பிரித்து, சிறு போர்வைகளாக இல்லங்களுக்குக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் இந்தியாவின் முதல் குயில்ட் திருவிழா சென்னையில் நடந்தது. டீனா கத்வால் போன்றோர் வகுப்பு நடத்தியும் துணியும் கருவியும் கிடைக்க வழிசெய்தும் வளர்த்த ஆர்வம் அதில் வெளிப்பட்டது. முன்பு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிய உருளைக் கத்தியும் அளவுப் பலகையும் இன்று இங்கேயே கிடைக்கின்றன.

தானமாக வந்த முகத்துணியை வீட்டில் முடிப்பதில் முதல் வேலை பார்வையிடுவது. துணியைத் திருப்பிப் போட்டுத் தையல் விளிம்பைப் பார்க்க வேண்டும். கால் அங்குலம் விடாமல் ஓரத்தை ஒட்டித் தைத்திருந்தால் முதல் சலவையிலேயே பிரிந்துவிடும். அந்த இடங்களில் மறுதையல் தேவை. பருத்தியோடு பாலியஸ்டர் கலந்திருந்தால் இஸ்திரி போடும்போது ஒன்று சுருளும், ஒன்று விறைக்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பது தமிழ் வீடுகளில் புதுச்சேலைக்குச் செய்யும் பரிசோதனைதான். மடித்துப் பல ஆண்டு கிடந்த துணியில் மடிப்புக்கோடு பழுப்பாக நிற்கும், உள்ளே குண்டூசி துருப்பிடித்து இருக்கும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டிவிட்டால் ஊசி தப்பாது. குழந்தைக்கோ நோயாளிக்கோ போகும் போர்வையில் ஓர் ஊசி மிஞ்சினாலும் அத்தனை உழைப்பும் கெட்டது.

பிறகு தரையில் அடித்துணியை இழுத்து ஒட்டி, மேலே பஞ்சு விரித்து, முகத்துணியை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும். முகத்துணியைத் தைத்தவர் சதுரங்களை ஒரே அளவாக வெட்டியிருக்க மாட்டார். ஒரு மூலை நீண்டும் ஒரு மூலை குறுகியும் இருக்கும். அதைப் பிரித்துத் திருத்துவதா, அப்படியே விட்டுத் தையலால் சமாளிப்பதா என்பது முடிப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. பிரித்துவிட்டால் துணி ஒழுங்காகும், முதல் கையின் வேலை போய்விடும். அனுபவமுள்ளவர்கள் உறுதியைப் பாதிக்கும் பிழையை மட்டும் திருத்தி, கண்ணுக்கு மட்டும் தெரியும் கோணலை விட்டுவிடுகிறார்கள். அதுவே மரியாதையான முறை. கடைசியாகத் துணியைக் குறுக்கில் வெட்டி எடுத்த பட்டியை நாலு ஓரமும் அடித்து, மூலைகளை மடித்துக் கைத்தையல் போட்டால் வேலை முடிந்தது. சேலைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் வைத்துப் பழகிய கைக்கு இந்தப் பகுதி புதிதாக இராது.

பஞ்சு விஷயத்தில் கடற்கரைக்கு வேறு கணக்கு. குளிர்நாட்டுக்கு என்று தயாராகும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு வைத்த போர்வை புதுச்சேரியில் பத்து மாதம் பரணில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் காயவும் காயாது. இங்கே தேவைப்படும் இடங்கள் வேறு: முதியோர் இல்லத்துக் கட்டில், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர் படுக்கும் தரை, வெள்ளம் வந்தால் ஒதுங்கும் பள்ளிக்கூடம். பஞ்சுக்குப் பதிலாக வெளுத்த பழைய வேட்டி ஒன்றோ இரண்டோ நடுவில் வைத்துத் தைத்தால் காந்தாவைப் போல மெல்லியதாகவும் தரையில் விரிக்கத் தோதாகவும் இருக்கும். வாளியில் துவைக்கலாம், ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.

உப்பளத்திலோ அக்கம்பக்கத்திலோ வீட்டில் துணி தேங்கியிருப்பவர்களிடம் தைப்பவர்கள் கேட்பது அதிகமில்லை. துணியைத் துவைத்துக் காயவைத்து, பொத்தானும் கொக்கியும் நீக்கி, பருத்தியைத் தனியாகவும் கலப்புத் துணியைத் தனியாகவும் கட்டிக் கொடுங்கள். பாட்டியோ அம்மாவோ பாதியில் விட்ட முகத்துணி இருந்தால், அதோடு நடுவில் வைக்க இரண்டு பழைய வேட்டியும் அடித்துணிக்கு ஒரு சேலையும் சேர்த்துக் கொடுங்கள். தைத்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்தால், முடிப்பவர் அந்தப் பெயரைப் போர்வையின் மூலையில் நூலால் தைத்துவிடுவார்.